‘அப்படி ஒரு பஞ்சாயத்தே இருந்ததில்லை’

எதிருரையின் நடுப்பக்கத்தில் அந்த வரி இருந்தது. ‘வழக்குரையில் சொல்லப்படும் பஞ்சாயத்து எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது வாதிகளின் கற்பனை.’ மன்னார்குடி முன்சீப் கோர்ட்டு வராந்தாவில் நின்று நான் அதைப் படித்துச் சொன்னதும், என்னுடன் வந்திருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “எங்கப்பா அதுல மெம்பரு, வக்கீல் சார். அவரு மெம்பரா இருந்த பஞ்சாயத்து இல்லேன்னா, அவரும் இல்லையா?” என்றார்.

நில வழக்குகளில் எல்லை யாருடையது, பத்திரம் யாருடையது என்றுதான் சண்டை வரும். ஓர் ஆட்சி அமைப்பு இருந்ததா, இல்லையா என்று நிரூபிக்க வேண்டிய வழக்கு எனக்கு அது ஒன்றுதான்.

நீடாமங்கலத்துப் பக்கம் வெண்ணாறு மூணாறு தலைப்பில் பிரிகிறது. அங்கிருந்து கோரையாறும் பாமணியாறும் தனித்தனியே ஓடுகின்றன. கோரையாற்றுப் பாசனத்தில் இருக்கிறது அந்த ஊர். வழக்கு முடிந்துவிட்டாலும் சம்பந்தப்பட்டவர்கள் அங்கேதான் அக்கம்பக்கத்தில் வாழ்கிறார்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஊர் நடுவே ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக ஒரு குளம். மேட்டூர் திறந்தால் வாய்க்கால் வழியாக நிரம்பும். அணை மூடி, அறுவடையும் முடிந்து, ஆறு மணலாகக் கிடக்கும் மாதங்களில் ஆடுமாடுகளுக்கும் மனிதர்களுக்கும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான்.

1979இல் தொடங்கி 1987இல் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எங்கள் பாஷையில் யு.டி.ஆரில், அந்தக் குளத்தின் சர்வே நம்பர் ஒரு தனி மனிதர் பெயருக்குப் பட்டாவாகிவிட்டது. பழைய ரீசெட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பத்தியில் ஒரு மிராசுதாரின் பெயரும் அதன் பக்கத்தில் ‘வகையறா’ என்றும் இருந்தது. தஞ்சை ஜில்லாவில் ஊர்ப் பொது நிலங்கள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கும். புதிய கணக்கில் ‘வகையறா’ உதிர்ந்துபோய், மிராசுதாரின் வாரிசு மட்டும் நின்றார். 1990களின் கடைசியில் அவருடைய பிள்ளைகள் நிலத்தை விற்றார்கள். வாங்கியவர் வெளியூர்க்காரர். ஒரு கோடையில், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், கல் ஊன்றி முள்கம்பி இழுத்தார்.

ஊர்க்காரர்கள் கிராம ஊராட்சியிடம் போனார்கள். அந்த ஊராட்சி அலுவலகம் பக்கத்து ஊரில் இருந்தது. “எங்கள் ரிக்கார்டில் அப்படி ஒரு குளம் இல்லை” என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குளம் ஏறியிருந்த ரிக்கார்டு வேறொரு பஞ்சாயத்தினுடையது. அந்தப் பஞ்சாயத்து ஒழிந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

வாலிபர்கள் நால்வர், பெரியவர்கள் இருவர் ஆக ஆறு பேரை ஊருக்கான பிரதிநிதிகளாக வைத்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் கட்டளை எட்டாம் விதிப்படி தாவா போட்டேன். நிலத்தை வாங்கியவர் முதல் பிரதிவாதி. ஊராட்சியையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்த்தேன். குளம் ஊர்ப் பொது என்று விளம்புகைப் பரிகாரமும் நிரந்தர உறுத்துக் கட்டளையும் கேட்டோம். நாங்கள் பிடித்துக்கொண்ட சட்டம் எளியது. வழக்கத்தினால் ஊராருக்குப் பொதுவில் உரியதாகவோ, அவர்கள் நன்மைக்காக நிர்வகிக்கப்பட்டு வந்ததாகவோ இருக்கும் சொத்தும் வருமானமும் பஞ்சாயத்தைச் சேரும் என்று 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டமும் 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டமும் ஏறத்தாழ ஒரே சொற்களில் சொல்கின்றன. ஆனால் ‘நிர்வகிக்கப்பட்டு வந்தது’ என்றால் யாரால் என்று கோர்ட்டு கேட்கும். ஒழிந்துபோன பஞ்சாயத்தால் என்று சொன்னோம். அதற்கு வந்த பதில்தான் முதலில் சொன்ன வரி.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். நம் கிராமங்களுக்கு உள்ளாட்சி என்பது 1994இல் வந்த சமாசாரம் என்று சட்டக் கல்லூரியிலிருந்து வரும் இளம் வக்கீல்கள்கூட நினைக்கிறார்கள்.

சென்னை மாகாணத்தில் 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்தது. 1884ஆம் ஆண்டுச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதன் கீழே யூனியன் என்று மூன்று அடுக்குகளை வைத்தது. அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு சாதாரண அமைப்பு அல்ல. நிலத்தின் வருஷ வாடகை மதிப்பில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் தனி வரி வசூலித்துச் சேர்த்து, மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 54 மைல் ரயில் பாதை போட்டது. 1894இல் அதில் ரயில் ஓடியது. அந்த மூன்று தம்பிடியைக் கொடுத்தவர்கள் நெல் விளைவித்த நம் பாட்டன்மார். மராத்திய அரசர்கள் வைத்த சத்திரங்களும் அந்த போர்டின் பொறுப்பில் இருந்தன. எங்கள் நீடாமங்கலத்தில் அரசி யமுனாம்பாள் பெயரில் அமைந்த சத்திரம் அவற்றில் ஒன்று. 1924 முதல் 1930 வரை ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் சத்திரங்களின் வருமானத்தை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் விடுதிக்கும் திருப்பினார். அவர் காலத்தில் திருவையாற்றில் வடமொழிக்கு மட்டும் இருந்த கல்லூரியில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் ‘போர்டு ஸ்கூல்’, ‘போர்டு ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள். போர்டு போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

1920இல் லோக்கல் போர்டுகளுக்கு ஒன்று, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று என இரண்டு சட்டங்கள் வந்தன. இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ்தான் எங்கள் வழக்கு ஊருக்கு 1920களின் கடைசியில் பஞ்சாயத்து கிடைத்தது. 1934இல் தாலுகா போர்டுகளை ஒழித்தார்கள். 1950இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்குப் புதிய சட்டம் வந்தது. பிறகு 1958ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி 1960, 61இல் பஞ்சாயத்து யூனியன்கள் அமைந்தபோது ஜில்லா போர்டுகள் மறைந்தன. அந்தச் சமயத்தில்தான் எங்கள் சிறிய ஊர் தனிப் பஞ்சாயத்து என்ற நிலையை இழந்து பக்கத்து ஊரோடு சேர்க்கப்பட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கூடிக் கூடித் தீர்மானம் போட்ட ஒரு சபை, கெஜட்டில் ஒரு அறிவிப்போடு முடிந்தது.

ஒரு பஞ்சாயத்தை இன்னொன்றோடு சேர்க்கும்போது சொத்தும் கடனும் பொறுப்பும் புதியதற்குப் போகும் என்று சட்டம் எழுதிவிடுகிறது. காகிதங்களை யார் எடுத்துக்கொண்டு போய் ஒப்படைப்பது, ஒப்படைத்தது எங்கே என்று யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வழக்கில் அது ஓர் ஓட்டு வீட்டுப் பரணில் இருந்தது.

பஞ்சாயத்துக்குக் கட்டடம் கிடையாது. குமாஸ்தா வீட்டுத் திண்ணைதான் ஆபீஸ். அவர் இறந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. அவருடைய மருமகள், அப்போதே எழுபது வயதுக்காரர், பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொல்லி என் முன்னால் திறந்தார். வீட்டு வரி டிமாண்ட் பதிவேடுகள், லாந்தர் விளக்குக்கு மண்ணெண்ணெய் வாங்கிய வவுச்சர்கள், லோக்கல் ஃபண்ட் ஆடிட்டு ஆட்சேபணைகள், பஞ்சாயத்து ரேடியோவுக்கு பாட்டரி வாங்கிய பில். அடியில் மூன்று தீர்மானப் புத்தகங்கள். மன்னார்குடி தாலுகா போர்டிலிருந்து வந்த கடிதங்களும் சில இருந்தன.

அந்தத் தீர்மானப் புத்தகங்களை நான் ஒரே மூச்சில் படித்தேன். வருஷந்தோறும் குளத்தின் மீன்பாசி குத்தகை ஏலம் விட்ட கணக்கு. தூர் வாரியதற்கு ஆள் கூலி. 1952 நவம்பர் 30ஆம் தேதி அடித்த புயலில் தஞ்சை ஜில்லா நாசமானதே, அதற்கு அடுத்த கூட்டத்தின் தீர்மானம்: குளத்தின் வடகரையில் சாய்ந்துவிட்ட மரங்களைப் பஞ்சாயத்தே ஏலம் விடுவது, வரும் பணத்தில் இடிந்த படித்துறையைக் கட்டுவது. அந்த மிராசுதார் அப்போது உறுப்பினர். தீர்மானத்தின் கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. தன் சொந்தக் குளத்தங்கரை மரத்தை ஊர் ஏலம் விட எவன் கையெழுத்துப் போடுவான்? வழக்கு ஜெயித்துவிட்டது என்றே என் ஜூனியர் சொன்னார்.

இன்னொரு பக்கமும் அதில் இருந்தது. குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுக்கச் சேரி மக்களை விடவில்லை என்று வந்த மனுவின் மேல் ஜில்லா போர்டு தாக்கீது அனுப்பியிருந்தது. அதைப் படித்துப் பார்த்த பஞ்சாயத்து, மேலக்கரைப் படித்துறையை அவர்களுக்கு ‘ஒதுக்கி’ பைசல் செய்திருந்தது. பொதுப் பாதைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் மாகாணச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்ற வைத்தது 1924இல். அது எங்கள் ஊர்க் கரைக்கு வந்து சேரப் பல வருஷங்கள் பிடித்திருக்கின்றன. வந்தபோதும் பாதிதான் வந்தது.

வாதிகளில் இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். “அந்தப் பக்கத்தை மட்டும் கோர்ட்டுல காட்ட வேண்டாம் சார். ஊர் மானம் போயிடும். மீன்பாசி கணக்கு போதும்ல?” என்றார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் கையெழுத்துப் போட்ட பக்கம் அது. நான் மறுத்தேன். புத்தகத்தை முழுசாகத்தான் குறியீடு செய்ய முடியும், ஒரு பக்கத்தை மறைத்தால் மற்றப் பக்கங்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும் என்று சட்டக் காரணம் சொன்னேன். மனதில் வேறு காரணமும் இருந்தது. ஊர்ப் பொதுக் குளம் என்று தாவா போட்டுவிட்டு, ஊரில் பாதிப் பேருக்கு நடந்ததை மறைப்பது எனக்குச் சம்மதமில்லை. சேரியிலிருந்து வாதியாகச் சேர்ந்திருந்த இளைஞர் இன்னும் நேராகப் பேசினார். “அந்தப் பக்கம் இருந்தாத்தான் எங்க தாத்தா சாட்சி சொல்லுவாரு.”

விசாரணையில் முதலில் குமாஸ்தாவின் மருமகள் சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பு வக்கீல் மூத்தவர், நான் மதிக்கும் திறமைசாலி. “இந்த நோட்டெல்லாம் சர்க்கார் சொத்து. உங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? ஏன் ஆபீசில் ஒப்படைக்கவில்லை?” என்று கேட்டார்.

“எந்த ஆபீசுலங்க? எங்க வீட்டுத் திண்ணைதாங்க ஆபீசு.”

“பஞ்சாயத்தைச் சேர்த்த பிறகு?”

“மாமா எடுத்துக்கிட்டுப் போனாரு. அங்க எடமில்ல, பொறவு பாக்கலாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. யாராச்சும் ஒருநாள் கேட்டு வருவாங்க, பத்திரமா வைய்யின்னாரு. நீங்கதான் வந்திருக்கீங்க.”

அடுத்த வாய்தாவில் அந்த இளைஞரின் தாத்தா. எண்பதை நெருங்கிய விவசாயத் தொழிலாளி. முதல் விசாரணையில் குளத்தைப் பற்றிச் சொன்னார், மரங்கள் சாய்ந்ததைச் சொன்னார். குறுக்கு விசாரணையில், சாட்சிக்குக் குளத்தோடு சம்பந்தமே இல்லை என்று காட்ட நினைத்து எதிர்த்தரப்பு கேட்டது:

“சின்ன வயதில் நீங்கள் அந்தக் குளத்தில் குளித்தது உண்டா?”

“இல்லீங்கய்யா. விட மாட்டாங்க.”

“யார் விட மாட்டார்கள்?”

“பஞ்சாயத்து போர்டுலதாங்க. தலையாரியை உட்டு வெரட்டுவாங்க. எங்கப்பா ஜில்லா போர்டுக்கு மனு எழுதிப் போட்டாரு. எழுதிக் குடுத்த வாத்தியாரு வேற ஊருக்குப் போயிட்டாரு பயந்துகிட்டு. அப்புறந்தான் மேலக்கரையில எறங்க உட்டாங்க.”

அவருடைய அப்பா அந்த மனுவைப் போட்டது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1937 டிசம்பரில் நீடாமங்கலத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்களை அடித்து மொட்டையடித்த வட்டாரம் இது. அந்தக் காலத்தில் படிப்பறிவில்லாத ஒரு பண்ணையாள் தஞ்சாவூருக்கு மனு அனுப்பினார். ‘அப்படி ஒரு பஞ்சாயத்தே இருந்ததில்லை’ என்ற எதிருரைக்கு அவர் மகன் சொன்னதைவிட வலுவான பதில் என் வழக்குக் கட்டில் வேறு இல்லை. தண்ணீரைத் தடுக்க அதிகாரம் இருந்த ஓர் அமைப்பு, அந்தத் தடையை விலக்கச் சொல்லி மேலிருந்து தாக்கீது வாங்கிய அமைப்பு, கற்பனையாக இருக்க முடியாது. தனியார் குளமாக இருந்தால் ஜில்லா போர்டு தாக்கீதே அனுப்பியிருக்காது.

இருந்தும் முன்சீப் கோர்ட்டில் தாவா தள்ளுபடியானது. முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஆவணம் உரிய காப்பிலிருந்து வந்தால் அதன் கையெழுத்துகளைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்பது அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு. தனியார் வீட்டுப் பரண் உரிய காப்பு ஆகாது, பஞ்சாயத்து அமைந்ததற்கும் கலைந்ததற்கும் அரசு ஆவணம் எதுவும் முன்னிடப்படவில்லை என்று தீர்ப்பு சொன்னது.

சப் கோர்ட்டில் மேல்முறையீடு போட்டுவிட்டு கெஜட்டைத் தேடினோம். இதற்குள் எங்கள் தாலுகா தஞ்சாவூரிலிருந்து பிரிந்து 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 1997 ஜனவரி முதல் தேதி பிறந்த திருவாரூர் மாவட்டத்துக்கு வந்திருந்தது. ஒரு கலெக்டர் ஆபீசில் கேட்டால் இன்னொன்றைக் கை காட்டுவார்கள். கடைசியில் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், பழைய தஞ்சாவூர் ஜில்லா கெஜட்டுத் தொகுதிகளைப் புரட்டிக்கொண்டிருந்த என் ஜூனியர், ஒரு பிற்பகல் தொலைபேசியில் கத்தினார். பஞ்சாயத்து அமைந்த அறிவிப்பு கிடைத்துவிட்டது. ஊர் பெயர், எல்லை, உறுப்பினர் எண்ணிக்கை எல்லாம் இருந்தது. பக்கத்து ஊரோடு சேர்த்த அறிவிப்பும் பிறகு கிடைத்தது. சான்றிட்ட நகல்களைக் கூடுதல் சாட்சியமாக ஏற்கும்படி 41ஆம் கட்டளை 27ஆம் விதிப்படி மனு கொடுத்தோம்.

தகரப் பெட்டியில் இருந்த தாலுகா போர்டு கடிதங்களும் அப்போது உதவின. எல்லாம் பின்னால் ஜோடித்தவை என்று எதிர்த்தரப்பு வாதித்தது. தாலுகா போர்டு முத்திரை இருந்த கடிதங்கள் எல்லாம் 1934க்கு முந்தியவை, அதற்குப் பிந்திய கடிதங்கள் எல்லாம் ஜில்லா போர்டு முத்திரையோடு இருந்தன. தாலுகா போர்டு எந்த வருஷம் ஒழிந்தது என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஒருவர் கிராமத்தில் உட்கார்ந்து பழுப்புக் காகிதத்தில் ஜோடித்தார் என்று நம்புவது கஷ்டம்.

சப் ஜட்ஜ் 90ஆம் பிரிவின் விளக்கத்தை எடுத்துக்கொண்டார். நியாயமான வழியில் வந்து சேர்ந்த காப்பு, அல்லது அப்படி வந்திருக்கக்கூடும் என்று சூழ்நிலை காட்டும் காப்பு எதுவும் தகாத காப்பு அல்ல என்றது அந்த விளக்கம். திண்ணையே ஆபீசாக இருந்த பஞ்சாயத்தின் புத்தகங்கள் குமாஸ்தா வீட்டில் இருப்பதுதான் இயல்பு என்று எழுதினார். பட்டா ஒன்றே உரிமை தராது என்ற நெடுங்கால விதியையும் சொல்லி, முன்சீப் தீர்ப்பை ரத்து செய்து எங்களுக்கு டிக்ரி கொடுத்தார். ஐகோர்ட்டில் இரண்டாவது மேல்முறையீடு அனுமதிக் கட்டத்திலேயே தள்ளுபடியானது.

இந்த வழக்குக்குப் பிறகு மறைந்துபோகும் உள்ளாட்சிகளின் விஷயத்தில் வேறு நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். நார்வேயில் 1837ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த கிராம நகராட்சிகளை 1960களில் ஷெய் குழுவின் பரிந்துரைப்படி இணைத்தார்கள். 700க்கு மேல் இருந்தவை 500க்கும் கீழே வந்தன. நூற்றுக்கணக்கான சிறிய நகராட்சிகள் மறைந்தன. ஆனால் அங்கே வட்டாரத்துக்கு வட்டாரம், பண்ணை பண்ணையாக, குடும்பம் குடும்பமாக எழுதிய ஊர் வரலாற்று நூல்கள் உண்டு. மறைந்துபோன நகராட்சியின் தலைவர் யார், எல்லை எது என்று இன்றைக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை பார்த்துச் சொல்ல முடியும். நம் ஊரில் அதே கேள்விக்குப் பதில் தேட ஆறு வாதிகளும், மூன்று கோர்ட்டுகளும், ஒரு மூதாட்டியின் பரணும் வேண்டியிருந்தன.

மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோதே 2004இல் தமிழ்நாட்டில் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் திரும்பவும் பேரூராட்சிகளாக்கினார்கள். இப்போது நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் விரிவாக்கும்போது பல கிராம ஊராட்சிகள் அவற்றோடு சேர்கின்றன. இணைப்பு நல்லதா கெட்டதா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. சேர்கிற ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு தீர்மானப் புத்தகம் இருக்கிறது. அதில் ஒரு குளம், ஒரு மந்தைவெளி, ஒரு சுடுகாட்டுப் பாதை இருக்கிறது.

அந்த ஊர்க் குளத்தின் மீன்பாசி குத்தகையை இப்போது ஊராட்சி ஏலம் விடுகிறது. எல்லாக் கரைகளிலும் எல்லாரும் இறங்குகிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது பாட்டனார் பஞ்சாயத்து குமாஸ்தாவாகவோ, தலைவராகவோ, கிராமக் கணக்கு எழுதிய கர்ணமாகவோ இருந்திருந்தால், பரணையும் பெட்டியையும் ஒரு தடவை பாருங்கள். கர்ணம் வேலை 1980 நவம்பரில் ஒழிந்தபோதும் எத்தனையோ கட்டுகள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. ‘பஞ்சாயத்து போர்டு’, ‘ஜில்லா போர்டு’ என்று முத்திரை உள்ள காகிதம் கிடைத்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். ஊராட்சிச் செயலரிடம் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இடமில்லை என்று திருப்பி அனுப்பினால், எந்தத் தேதியில் யார் திருப்பி அனுப்பினார்கள் என்பதையும் அந்தப் பட்டியலின் கீழேயே எழுதி வையுங்கள்.